டொக்டரைப் பார்க்க உடுத்திய சேலை

கழுத்து மடிப்பில் படிந்திருந்த பவுடரை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள் தயானி. அம்மாவின் உடம்பு அதற்குள் சில்லிட்டுவிட்டது.

"விடு புள்ள, தோலு உரிஞ்சிறப் போவுது," என்றாள் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் கம்சலா.

தயானி விடவில்லை. நேற்றுக் காலையில் தன் கையாலேயே பூசிவிட்ட பவுடர் அது.

மண் சரிந்து பாதை உடைந்த பிறகு மடுல்சீமைப் பக்கம் எட்டிப் பார்த்த முதல் டொக்டர் நேற்றுத்தான் வந்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நடமாடும் மருத்துவ முகாம். சிங்களம் பேசத் தெரிந்தவள் என்று தயானியையும் உதவிக்குச் சேர்த்து, பச்சை மேற்சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். அதைப் போட்டவளின் தாய் கசங்கிய சேலையோடு வந்து நிற்கலாமா? அம்மா கருப்பம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்போடேயே குளித்தாள், எண்ணெய் வைத்துச் சீவினாள், தீபாவளிச் சேலையை உடுத்தினாள். டொக்டரிடம் போகிற தோட்டத்துச் சனம் அப்படித்தான் போகும்.

"என்னா பெரியம்மா, கல்யாணத்துக்கா?" வரிசையில் ஒருத்தி கேட்டாள்.

"ஆமாடி, மாப்புள டொக்டரு."

சிரித்ததில் இருமல் கிளம்பியது. முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டாள்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டில் நிற்பதைவிடப் பெரிய கூட்டம். வந்த நர்ஸ் முகம் முகமாகப் பார்த்து, வாடிக் கிடந்தவர்களை முன்னால் அனுப்பினாள். கருப்பம்மாவிடம் ஒரு பார்வைதான்.

"இவங்க நல்லாத்தானே இருக்காங்க. கடைசியாப் பாப்போம்," என்றாள் சிங்களத்தில்.

தயானி பேச வாயெடுத்தாள். கருப்பம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மா இரு புள்ள. மக நிக்கிறாளேன்னு முன்னால பூந்துட்டாள்னு பேசுவாளுக."

கடைசி முறை வரவில்லை. பனி இறங்கியதும், இனி இந்தப் பாதையில் இறங்க முடியாது என்று வேனைக் கிளப்பிவிட்டார்கள். நாளைக்கு முதல் ஆளாகப் பார்க்கிறோம் என்று ஒரு அட்டை பெனடோல் மாத்திரை கொடுத்தார்கள். விடிகிற நேரம் கருப்பம்மாவின் மூச்சு நின்றது.

உடுத்திப் படுக்க வைத்துச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்கையில், கீழே முகாம் வேனின் ஹோர்ன் கேட்டது. ஒப்பாரி அறுந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எழும்ப யாருக்கும் மனம் வரவில்லை. கம்சலா வீங்கிய காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"போங்க," என்றாள் தயானி. "சவப்பொட்டி வர நேரங் கெடக்கு. போய்க் காட்டுங்க."

கம்சலா சுவரைப் பிடித்து எழுந்து, அவிழ்ந்து கிடந்த தலையை அள்ளி முடியப் போனாள். தயானி அந்தக் கையைப் பிடித்தாள்.

"கொண்ட போடாதீங்கக்கா. அப்படியே போங்க."

கம்சலா தலைவிரிகோலமாகவே படியிறங்கினாள். பின்னால் போன இளையவள் ஒருத்தி, நெற்றிப் பொட்டை முந்தானையால் அழித்துக்கொண்டே நடந்தாள். அவள் புருசன் வாசலில் தப்படிக்கிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான்.