போவாடியின் கட்டைவிரல்

கொனாடு பந்தலின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினித் திரையில் ஒரு வட்டத்தை இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுநராக இருந்த அப்பா போவாடி இறந்து ஒரு வாரம். கானா நாட்டு வழக்கப்படி அடக்கத் தேதியை இன்றுதான் அறிவிப்பார்கள் என்பதால், குமாசியின் டாஃபோ தெரு முழுக்கக் கறுப்பும் சிவப்புமாய் உடுத்திய சனம்.

அக்ராவில் ஒரு கம்பெனி, வேலை கொடுக்குமுன் பார்க்க, அவளுடைய இணையதளத்தைக் கேட்டிருந்ததும் இன்றைக்குத்தான். கைபேசிச் செயலிகளை மனிதர்கள் தடுமாறாமல் பயன்படுத்தும்படி வடிவமைப்பது அவள் தொழில். இதுவரை செய்த வேலையைக் காட்ட அவளுக்கென்று ஒரு தளம் வேண்டும். நாலு மணிக்குள் அனுப்பினால் பார்ப்பார்களாம். பழைய கம்பெனியை மூடியதிலிருந்து அவளுக்கு வேலை இல்லை. இதுவும் போனால், பிறகு சித்தப்பா சொல்லுகிறபடி துணிக்கடையில் கல்லாவில் உட்கார வேண்டியதுதான்.

"எழவு வீட்ல பொட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு என்னடி பண்ற?" அப்பாவின் தங்கை ஆஃப்ரியே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எங்கண்ணன் சாகுற வரைக்கும் எம்மக டிசைனரு, டிசைனருன்னான். கேக்குறவங்க எல்லாம் எங்கிட்ட கவுனு தெக்கச் சொல்லித் துணி கொண்டாராங்க."

"என் வேல என்னன்னு இதுல இருக்கு அத்தை. நீங்களே பாருங்க." கைபேசியில் தளத்தைத் திறந்து கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அது தொழில் பழக்கம். ஒருவர் கையில் சோதிக்கக் கொடுத்தபின் உதவக் கூடாது. விரல் எங்கே போகிறது, எங்கே திகைக்கிறது என்று பார்ப்பதுதான் வேலையே.

அத்தையின் விரல் திகைத்தது. வட்டங்கள் மிதந்து வந்தன, ஒன்றோடொன்று கலந்தன. ஒன்றைத் தொட்டால் நாலாக உடைந்தது.

"மீன் முட்டையாட்டம் அழகாத்தான் இருக்கு. உன் வேல எங்க?"

"இங்க குடு, நான் படிச்சவன்," என்று அமோவா சித்தப்பா பிடுங்கினார். சற்று நேரம் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நெட்டு சரியில்ல," என்று கௌரவமாகத் திருப்பிக் கொடுத்தார்.

கொனாடுவுக்கு முகம் எரிந்தது. யாருடைய செயலியிலும் ஒரு பட்டனைக்கூட அப்பாவின் கட்டைவிரலில் சோதிக்காமல் அவள் வெளியே விட்டதில்லை. தன்னுடையதை மட்டும் யாரிடமும் காட்டவில்லை. மற்ற வடிவமைப்பாளர்கள் பார்த்துப் பொறாமைப்படட்டும் என்று சோடித்திருந்தாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.

எழுந்து, சோறு வெந்துகொண்டிருந்த கொல்லைப்புறம் போனாள். வட்டங்களை அழித்தாள். யாருக்கும் காட்டாத ஒரு காணொளி அவளிடம் இருந்தது. இந்தத் தொழிலில் எல்லாரும் முடிந்த அழகைத்தான் காட்டுவார்கள், சொதப்பியதை யார் காட்டுவார்கள்? அவள் அதைத் தளத்தின் உச்சியில் வைத்தாள். மேலே பெரிய எழுத்தில், 'இந்த பஸ் டிக்கெட் செயலியை முதலில் தப்பாகச் செய்தேன். எப்படித் திருத்தினேன் என்று பாருங்கள்' என்று எழுதினாள். கீழே தடிமனாக ஒரே பட்டன்.

பந்தலுக்குத் திரும்பியபோது பஸ் நிலையத்துத் தலைவர் டார்க்வா ஓட்டுநர்களோடு வந்திறங்கியிருந்தார். கைபேசியை அவர் கையில் கொடுத்துவிட்டு வாய் பேசாமல் நின்றாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நேரே பட்டனை அழுத்தினார்.

"ஏறுன சனத்த மொத்தமா எறக்கி விட்டுட்டியேடி," என்றது காணொளியில் போவாடியின் குரல். "பொறப்படலாம்னு அமுக்குனா டிக்கெட்ட எல்லாம் ரத்து பண்ணுது. எந்தப் புண்ணியவான் இந்தப் பட்டன இங்க வெச்சான்? காலமெல்லாம் கியர் போட்ட வெரலு இது, ஊசி மொனையா? சொல்லேன்டி. வாயில ஃபுஃபு உருண்டைய அடச்சு வெச்சிருக்கியா?"

பந்தலில் எல்லாத் தலையும் திரும்பியது. டார்க்வா மெல்லக் கேட்டார்: "இப்ப எங்க ஃபோன்ல அந்தப் பட்டன் கையகலம் இருக்கே. இவன் திட்டுனதாலயா?"

"ஆமா பெரியப்பா."

அவர் வெடித்துச் சிரித்தார். ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். கைபேசியை வாங்கி, யாரும் காட்டிக்கொடுக்காமல் தானே அழுத்தி, அண்ணன் திட்டுவதை மறுபடி கேட்டாள். கொனாடுவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பாவும் அவளுமாக ஜெயித்துவிட்டார்கள். நாலு அடிப்பதற்குள் தளத்தை அனுப்பினாள்.

சித்தப்பா ஒலிபெருக்கியில் அடக்கத் தேதியை அறிவித்து முடித்தார். கைபேசி வரிசை வரிசையாகக் கைமாறிக்கொண்டிருந்தது. அவள் மடிக்கணினியில் கம்பெனியின் பதில் வந்தது.

'வேலை உங்களுக்குத்தான். திங்கட்கிழமை வாருங்கள், சம்பளம் பேசிக்கொள்வோம். முடிந்தால் அந்த ஓட்டுநரையும் கூட்டி வாருங்கள். எங்கள் புதிய செயலியை அவர் ஒருமுறை திட்ட வேண்டும்.'

"என்னடி?" என்றாள் அத்தை.

"வேல கெடச்சிருச்சு அத்தை. அப்பாவையும் கூப்புடுறாங்க."

அத்தை தன் தட்டிலிருந்த பெரிய கோழித்துண்டை எடுத்து அவள் சோற்றின்மேல் வைத்தாள். கடைசி வரிசையில், அப்போதுதான் வந்து உட்கார்ந்த யாரோ ஒருவர், எவரையும் கேட்காமல் சரியான இடத்தில் அழுத்தினார்.