ஜிம்மிக்குப் போட்ட மொட்டை

ரெட்டியார்பாளையத்தில் அஞ்சலாட்சியின் இட்லிக்கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. இட்லியே போதும். அந்த இட்லியில்தான் ஒரு நாள் வெள்ளை முடி கிடந்தது. வெள்ளையில் வெள்ளை கண்ணுக்கா தெரியும்? சாப்பிட்டவர் நாக்கில் சிக்கிய பிறகுதான் தெரிந்தது.

முடிக்குச் சொந்தக்காரன் ஜிம்மி. அஞ்சலாட்சியின் புருஷன் கன்னியப்பன் ஆசையாக வாங்கி வந்த பொமரேனியன். உடம்பு ஒரு பிடிதான், மீதியெல்லாம் முடி.

“நாயா, கடையா? ஒன்ன சொல்லுய்யா,” என்றாள். மில்லிலிருந்து அப்போதுதான் வந்த கன்னியப்பன் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவளுக்கே பாவமாக இருந்தது.

அடுத்த தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற தணிகாசலம் ஒரு சுருட்டைமுடி நாய் வளர்த்தார். பூடில் இனம்; அவர் பிரெஞ்சில் கனிஷ் என்பார். அவர் வீட்டுத் தரையில் ஒரு முடியை அவள் பார்த்ததில்லை. மாதாமாதம் கத்தரி போடுகிறார், அதனால்தான் கொட்டவில்லை என்று முடிவு கட்டினாள். குழந்தைக்கு மொட்டை போட்டால் முடி உறுதியாக வளர்வதில்லையா? கன்னியப்பன் வேலைக்குப் போன நேரம் பார்த்து, முடிவெட்டும் பாவாடை என்பவரை அழைத்து ஜிம்மிக்கு முழு மொட்டை போட்டாள். குளிர்ச்சிக்கு உடம்பெல்லாம் சந்தனமும் பூசிவிட்டாள்.

மாலையில் வந்த கன்னியப்பன், “இது யாரு ஊட்டு நாயி?” என்றான். தெரிந்ததும் சாப்பிடாமல் படுத்துவிட்டான்.

கொட்டுவதாவது நின்றதா? அதுவும் இல்லை. நீளமாகக் கொட்டியது இப்போது துண்டுதுண்டாகக் கொட்டிப் பாயிலும் புடவையிலும் குத்தியது. தணிகாசலம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“கனிஷ் முடி நம்ம தலமுடி கணக்கா வளந்துக்கினே இருக்கும்மா. வெட்டாம உட்டா சிக்கு புடிச்சிடும். இதுக்கு அப்படி இல்ல. அடியில பஞ்சாட்டம் இன்னொரு முடி இருக்குது, அதுதான் கொட்டுது. தெனம் சீவி எடுக்கணும், வெட்டக் கூடாது. சிலதுக்குத் திரும்ப மொளைக்கறதே இல்ல.”

அஞ்சலாட்சி ஜிம்மியின் உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். இதற்குள் கன்னியப்பன் கடைக்காக மனதைக் கல்லாக்கிக்கொண்டு, நாயைக் கதிர்காமத்து ஜெயம் டீச்சருக்குக் கொடுப்பதாகப் பேசிவிட்டான். முடி வளர்ந்ததும் வந்து எடுத்துக்கொள்வதாக அவர் சொல்லியிருந்தார்.

பெரிய மார்க்கெட்டில் ஒரு மரச்சீப்பு வாங்கி வந்தாள் அஞ்சலாட்சி. தினமும் கடை சாத்தியதும் தோட்டத்துப் பக்கம் ஜிம்மியை மடியில் போட்டுச் சீவினாள். மொட்டையைப் பார்த்துச் சிரித்தவர்களிடம் சண்டைக்குப் போனாள். மழைக்காலத்தில் கழுத்தோரம் வெள்ளையாக முளை தெரிந்த அன்று அழுதே விட்டாள். கொட்டியதெல்லாம் சீப்போடு போனதால் இட்லிக்கும் ஆபத்தில்லை.

பொங்கல் கழிந்து டீச்சர் கூடையோடு வந்தார். கன்னியப்பன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

“நல்லா வளந்துடுச்சே,” என்றார் டீச்சர்.

“வளந்துடுச்சி டீச்சர். ஆனா பயங்கரமா கொட்டும். சோத்துல கெடக்கும், தண்ணியில கெடக்கும். சீவி சீவி கையே உட்டுப்பூடும். கொட்டாத நாயின்னா கனிஷ்தான். தணிகாசலம் ஐயாவக் கேட்டுப் பாருங்களேன்.”

டீச்சர் யோசித்தார். வெற்றுக் கூடையோடு கிளம்பினார். வெளியே வந்த கன்னியப்பன் பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன பாக்கற? அவங்க ஊட்ல யாரு இத மடியில போட்டு சீவுவாங்க?” என்றாள்.