பொட்டுக்குக் கீழே

...சட்டை லேபிளில் முக்கோணம் என்றால் பிளீச், அதன் மேல் பெருக்கல் குறி போட்டிருந்தால் பிளீச் கூடாது, தொட்டிக்குள் கை இருந்தால் கையால்தான் துவைக்கணும், இஸ்திரிப் பெட்டிக்குள் எத்தனை புள்ளியோ அத்தனை சூடு, இதில் எது கலைமகளுக்குத் தெரியாது? எங்கோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பாலைக் கக்கப்போகிற சட்டைக்கு இத்தனை அக்கறை. பனியன் கம்பெனியில் செக்கிங்குக்கு வருகிற புதுப் பெண்களுக்கு அவள்தான் சொல்லித் தருவாள், அடையாளம் தெரியாதவளுக்கு இங்கே பிழைப்பு இல்லை என்று, சொல்லும்போது கொஞ்சம் மிதப்பாகத்தான் இருக்கும்... அவளுக்குக் கேனில் இருந்த இந்தப் படம் தெரியவில்லை. கறை எடுக்கும் மருந்துக் கேனைத் தள்ளி வைக்கப் போனாள், விரலில் குங்குமம் ஒட்டியது, வெள்ளைத் துணியில் பட்டால் பீஸ் போச்சு, பனியன் வேஸ்ட் துணியால் கேனை அழுத்தித் துடைத்தாள். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு சந்தனத்தோடு பெயர்ந்து வந்தது. அடியில் சிவப்புக் கோட்டில் சாய்ந்த கட்டம், உள்ளே கறுப்பாய் ஒரு ஆள், தலையும் மாரும் மட்டும், மாரில் வெள்ளையாய் ஏதோ வெடித்திருக்கிறது. நட்சத்திரமா? நெஞ்சைப் பிளந்து காட்டும் அனுமாரா? சாமியை யார் முகமில்லாமல் வரைவார்கள்? பொட்டு வைத்தவளும் அவள்தான், பொட்டுக்கென்றே இடம் விட்ட மாதிரி இருந்தது கட்டம், நடுவில் பார்த்து வைத்தாள், அன்றிலிருந்து பீப்பாயிலிருந்து ஊற்றி ஊற்றி அதே கேன்தான் ஓடுகிறது.

கறை எடுக்கிற, கூண்டு போன்ற சின்ன அறைக்குள் தம்பி பெண்டாட்டி மதுமதி உட்கார்ந்து மருந்து பீச்சும் கன்னால் கறை மேல் அடித்துக்கொண்டிருந்தாள், புஸ் புஸ் என்று, ஐந்து மாசத்து வயிறு மேஜை விளிம்பில் இடித்தது. நின்று நின்று கால் வீங்குகிறதே என்று கார்த்திகையில் சூப்பர்வைசர் முருகேஷிடம் கெஞ்சி இந்த உட்காரும் வேலையை வாங்கிக் கொடுத்ததும் கலைமகள்தான், ஊரே மெச்சியது, நாத்தனார் என்றால் இப்படி இருக்கணும் என்று. இப்போது அதே முருகேஷிடம் படத்தைக் காட்டிக் கேட்டாள், அதெல்லாம் சரக்கு வாங்குகிற பையருக்காகப் போடுவது, எல்லாக் கேனிலும் வரும், நீங்கள் பீஸைப் பாருங்கள் என்று போய்விட்டான். பையருக்கென்றால் பையரிடம் அல்லவா இருக்கணும், கேன் ஏன் மதுமதி காலடியில் இருக்கிறது? முக்கோணம் துணியோடு பேசுகிறது, பழுதைக் காட்ட ஒட்டும் அம்பு ஸ்டிக்கர் ஓட்டையோடு பேசுகிறது, இந்த ஆள் யாரோடு பேசுகிறான்? வாயில்லாதவன்... அவன் வாயைத்தான் நாம் குங்குமம் வைத்து அடைத்தோமா? சீ, பூஜைப் பொட்டைப் போய் அப்படி நினைக்கலாமா. ஆனால் பயமாக இருந்தது. மதுமதிக்கு அடிக்கடி தலை சுற்றல், மண்டையிடி, முந்தாநாள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அதெல்லாம் அறிகுறி, குழந்தை நன்றாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அப்படித்தான் கலைமகள் சொன்னாள், எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து மோந்துகொள்ளச் சொன்னாள். அறையின் தாழ்வாரத்துக் கதவைத் திறந்தாள், காற்று உள்ளே வரவில்லை, மருந்து வாடைதான் வெளியே வந்தது, அவளுக்கே கண் எரிந்தது.

"உனக்கு எரியலையா கண்ணு?"

"இப்பெல்லாம் வாசமே தெரியறதில்லீங்க அண்ணி," என்றாள் மதுமதி, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அது நல்லதா கெட்டதா, எந்தக் கணக்கில் சேர்ப்பது? எழுந்து வெளியே வா என்று கூப்பிட வாயெடுத்தாள், கூப்பிட்டால் ஏன் என்பாள், என்ன சொல்வது, ஒரு படத்தைப் பார்த்தேன் என்றா? தலை சுற்றல் இப்போது எப்படி என்று மட்டும் கேட்டாள். கன் ஒரு நிமிஷம் நின்றது.

"பொங்க லீவுல ஊட்டுல இருந்தப்ப ஒண்ணுமே இல்லீங்க அண்ணி. செரியாப் போச்சுன்னுதான் நெனச்சனுங்க. திங்கக்கெழம இங்க வந்து உக்காந்தனுங்க, மறுபடி வந்திருச்சு. மாசமா இருந்தா அப்படித்தானுங்களே?"

அவள் சிரித்தாள். புஸ் என்று மறுபடி தொடங்கியது. கலைமகளின் கண் கேனில் மார் வெடித்த அந்த ஆள் மேல் போனது... மசக்கை லீவு எடுக்குமா? திங்கட்கிழமை என்று வயிற்றுக்குள் இருப்பதற்கு யார் சொன்னது?