சேற்றுப்புழுக்களின் இருபத்தேழாம் நாள்

புழுவை வெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை கொஞ்சம் ஆடினாலும் துண்டு நசுங்கிவிடும், நசுங்கியது பிழைக்காது. அன்று காலை ஒன்பது மணிக்கு பிளேடும் கையுமாக உட்கார்ந்தவள், மூன்று மணிக்குள் இருநூற்றைம்பது சேற்றுப்புழுக்களை இரண்டிரண்டாக வெட்டி முடித்தாள். தலைப்பக்கம் ஒரு தட்டில், வால்பக்கம் இன்னொரு தட்டில். வெட்டிய இடத்தில் பொட்டாக ரத்தம் கசியும். துண்டு சுருண்டு துடிக்கும். கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும்.

வால் துண்டுகளைச் சுத்தமான வண்டலில் விட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் புதுத் தலை முளைத்துவிடும். இந்தப் புழு பெருகுவதற்கு ஜோடி தேவையில்லை. தின்று, வளர்ந்து, நடுவில் தானே அறுந்து இரண்டாகும். ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் இஷ்டத்துக்கு அறுந்துகொண்டிருந்தால் சோதனைக்கு ஆகாது. எல்லாம் ஒரே வயதில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கசாப்பு வேலை.

"என்ன தங்கச்சி, இன்னிக்கு எத்தன கொலை?" என்று வாசலில் நின்று கேட்டார் வாட்ச்மேன்.

"இருநூத்தம்பது, அண்ணே. ஒண்ணுகூட சாகல."

அவளுக்குப் 'புழுக்காரி' என்று பெயர் வைத்தவரே அவர்தான். அந்தத் தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் அவள் சேர்ந்து பதினாறு வருடமாகிறது. இப்போது இயக்குநர்கூட ஃபோனில் "புழுக்காரியைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்.

இந்த முறை சோதனையைக் கேட்டது நீதிமன்றம். ஆற்றங்கரையில் இருந்த முலாம் ஆலையின் கழிவு வண்டலைக் கெடுத்துவிட்டதா இல்லையா என்பது வழக்கு. நான்கு இடங்களில் மண் எடுத்து முத்திரை வைத்துக் கொடுத்திருந்தார்கள். ஆற்றோட்டத்தில் ஆலைக்கு மேலே ஓரிடம், கீழே மூன்று இடம். ஒவ்வொரு மண்ணுக்கும் ஐந்து பீக்கர், ஒவ்வொரு பீக்கரிலும் பத்துப் புழு. இருபத்தெட்டாம் நாள் மண்ணைச் சலித்து எண்ண வேண்டும். பத்து இருபதானால் மண் நல்ல மண். பத்து பத்தாகவே இருந்தால் ஏதோ கோளாறு. பத்தும் காணாமல் போனால் விளக்கம் தேவையில்லை.

அந்த ஆலையில் பதினொரு வருடமாக சூப்பர்வைசராக இருந்தவன் அவளுடைய தம்பி. வீட்டில் அவனுக்குச் சின்னவன் என்று பெயர்.

முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஆலைக்கு மேலே எடுத்த மண்ணில் விட்ட புழுக்கள் தலையை உள்ளே புதைத்து, வாலை மட்டும் தண்ணீருக்குள் நீட்டி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. காற்றில் அசையும் புல் மாதிரி. ஆலையை ஒட்டி எடுத்த மண்ணில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மேலேயே ஒன்றையொன்று கட்டிப் பிடித்து உருண்டையாகக் கிடந்தன. ஒன்பதாம் நாள் சில புழுக்கள் தங்கள் வாலைத் தாங்களே அறுத்துப் போட்டிருந்தன. பெருகுவதற்கு அறுத்தது அல்ல அது. வெந்த வாலை உதறிவிட்டுத் தப்பிக்கப் பார்த்திருக்கின்றன. அறுந்த பக்கம் ஆறவேயில்லை.

பத்தொன்பதாம் நாள் சாயங்காலம் சின்னவன் வீட்டுக்கு வந்தான். அவள் கணவர் வேன் ஓட்டப் போயிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த பீக்கரையெல்லாம் கொட்டிடு" என்றான், உட்காரக்கூட இல்லாமல்.

"எதுக்குடா?"

"தெரியாத மாதிரி பேசாத. கரண்டு போச்சு, காத்துக் குழாய் நின்னுச்சு, புழு செத்துப்போச்சுன்னு ஒரு வரி எழுது. யாரு வந்து பாக்கப்போறாங்க?"

"நான் பாப்பேன்ல."

"நூத்தியெம்பது குடும்பம் அங்க சோறு திங்குது. புழுவுக்காக எங்க வயித்துல அடிப்பியா?"

"அந்த நூத்தியெம்பது வீட்டுலயும் என்னடா குடிக்கிறாங்க? அந்த ஆத்துத் தண்ணியத்தான? உன் மூக்குல ஏன் அடிக்கடி ரத்தம் வருது, யோசிச்சுப் பாத்தியா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "உன் படிப்ப என்கிட்ட காட்டாத. கடைசியா கேக்குறேன். கொட்டுவியா, மாட்டியா?"

"மாட்டேன். இரு, காப்பி போடறேன்."

அந்தக் காப்பிதான் அவனை இன்னும் கிளப்பிவிட்டது போலிருக்கிறது. விருட்டென்று வெளியே போனான். அவள் பின்னாலேயே போய்க் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, "டேய், நில்லுடா" என்றாள். அவன் கதவை இழுத்து அறைந்தான். அவளுடைய இடது கை நடுவில் சிக்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவள் காதில் விழுந்தது. கதவு மறுபடி திறந்தது. இடுக்கில் சிக்கியிருந்த விரல்களை அவன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். பார்த்துவிட்டு இன்னொரு முறை இழுத்து அறைந்தான்.

மோதிர விரலும் சுண்டு விரலும் உடைந்துபோயின. ஒரு நகம் கதவோடு போய்விட்டது. கணவர் வந்ததும், "காத்துல கதவு சாத்திக்கிச்சு" என்று சொன்னாள்.

"இன்னிக்குக் காத்தே இல்லையே" என்றார் அவர். அதற்குமேல் தோண்டவில்லை. இயக்குநரிடமும் அதே பொய். வாட்ச்மேன் கட்டைப் பார்த்து, "புழுவ விட்டுட்டு விரல வெட்டிக்கிட்டியா தங்கச்சி?" என்று கிண்டல் செய்தபோது சிரித்துவைத்தாள். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். கோபம் தணிந்தால் சரியாகிவிடுவான் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

இருபத்தேழாம் நாள் மத்தியானம். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். மறுநாள் எண்ணுவதற்காகச் சல்லடைகளைக் கழுவி வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வாட்ச்மேனின் குரல் கேட்டது. "யாருப்பா நீங்க? உள்ள விட முடியா…" பாதியில் நின்றது. பிறகு அவர் அலறினார்.

அவள் கதவுக்கு ஓடினாள். வராந்தாவில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உருண்டுகொண்டிருந்தார். கை திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் மேல் காலை வைத்துத் தாண்டி வந்தவன் கையில் இரும்புக் குழாய். அவனுக்குப் பின்னால் வந்த தடியன் கையிலும் ஒன்று. மூன்றாவதாக, கையில் இரண்டு கேன் பிளீச்சிங் திரவத்தோடு சின்னவன்.

"அக்கா, வெளிய போயிடு. உன்மேல கை வைக்கக் கூடாதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"ஏற்கெனவே வெச்சிட்டியே" என்று கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

தடியன் அவளைத் தோளால் இடித்துத் தள்ளினான். சுவரில் தலை மோதி, வாயில் ரத்தம் கரித்தது. அதற்குள் முதல் வரிசை பீக்கர்கள் போய்விட்டன. ஒரே வீச்சில் ஐந்தும். கண்ணாடி தெறித்தது, சேறு மேஜையிலிருந்து வழிந்தது, அதில் மெல்லிய சிவப்பு நூல்கள் நெளிந்தன. செருப்புக் கால்கள் அதன்மேல் நடந்தன. இரண்டாவது வரிசை. மூன்றாவது. ஆலை மண் இருந்த கடைசி வரிசையை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் அடித்தார்கள். அதற்கென்று தனியாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள் போல.

அதோடு போயிருந்தால்கூட அவள் தரையிலேயே உட்கார்ந்திருப்பாள். சின்னவன் நேராக மூலையில் இருந்த ஆறு கண்ணாடித் தொட்டிகளிடம் போனான். பதினாறு வருடமாகப் புழுக்கள் அறுந்து அறுந்து பெருகிவந்த தொட்டிகள். அதில்லாமல் அடுத்த சோதனையே கிடையாது. அது அவனுக்கு எப்படித் தெரியும்? அவள்தான் ஒருமுறை அவனைக் கூட்டிவந்து பெருமையாகக் காட்டியிருந்தாள்.

தொட்டிகளுக்குத் தண்ணீர் வரும் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கேனைக் கவிழ்த்தான். தொட்டி கொதிப்பது போலக் கலங்கியது. வண்டலுக்குள் இருந்த அத்தனையும் ஒன்றாக மேலே வந்தன. முடிச்சு முடிச்சாக முறுக்கிக்கொண்டு, துண்டு துண்டாக உடைந்து, சிவப்பு போய் வெளுத்து அடங்கின. முதல் தொட்டி, இரண்டாவது தொட்டி. அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. பாத்திரம் கழுவுகிறவன் மாதிரி செய்தான்.

அவள் எழுந்தாள். பீக்கர்களைப் பிடித்து நிறுத்தும் இரும்பு ஸ்டாண்ட் ஒன்று கீழே உருண்டு கிடந்தது. அடிப்பாகம் மூன்று கிலோ கனக்கும். அதை வலது கையால் தூக்கி, ஐந்தாவது தொட்டிக்குமேல் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தவனின் தோளில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. கேன் கைநழுவ, அவன் கண்ணாடித் துண்டுகளின் மேல் முழங்காலிட்டு விழுந்தான்.

"அக்கா!" என்றான். சின்ன வயதில் நாய் துரத்தும்போது கூப்பிடுவானே, அதே குரல்.

அவன் கையில் எதுவும் இல்லை. அவனால் எழுந்திருக்கவும் முடியாது. அது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துதான் இன்னொரு முறை ஸ்டாண்டை ஓங்கி முகத்தில் அடித்தாள்.

கூட வந்த இருவரும் அவனை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். வலது கண் இருந்த இடத்திலிருந்து ரத்தம் பொங்கியது. அவள் ஸ்டாண்டைக் கீழே போட்டுவிட்டு, தன் மேல்கோட்டைக் கழற்றிச் சுருட்டி அங்கே அழுத்திப் பிடித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திய கையை எடுக்கவில்லை.

போலீஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கதவு, விரல், பொய், முதல் அடி, இரண்டாவது அடி.

"முதல் அடி தற்காப்புன்னு போட்டுக்கலாம்மா. ரெண்டாவத விட்டுடலாமே?" என்றார் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு.

"எழுதுங்க சார். அடிச்சேன்."

ஆஸ்பத்திரியில் வாட்ச்மேனைப் பார்க்கப் போனாள். முழங்கையில் தகடு வைத்திருந்தார்கள். இனி அந்தக் கை முழுசாக நீளாது. அவர் திட்டவில்லை. "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வாசல் கேட்டப் பூட்டி வெச்சிருப்பேனே, தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

சோதனை செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருபத்தேழு நாளுக்குக் கணக்கு கிடையாது. ஆலை வக்கீல் புன்னகையோடு வெளியேறினார். புதிதாகச் செய்யலாம், மண்ணைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் எண்ணும்போது வெளியூர் நிபுணர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உத்தரவு. மண் கிடைக்கும். புழு? ஆறாவது தொட்டியை அந்த இருவரும் ஓடும்போது உடைத்துவிட்டிருந்தார்கள். ஐந்தாவதில் பிளீச்சிங் பாதிதான் விழுந்திருந்தது. பாதியே போதுமாக இருந்தது.

நான்கு நாள் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. தொட்டிகளிலிருந்து வழியும் தண்ணீர் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிமென்ட் குழியில் போய் விழும். சின்னவன் முதலிலேயே குழாயைப் பிடுங்கியதில் தண்ணீர் வழிவது நின்றுவிட்டதால் பிளீச்சிங் அந்தப் பக்கம் போகவில்லை. குழியில் முழங்கால் அளவு வண்டல். காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்க்க, அவள் அதில் இறங்கி உட்கார்ந்து, ஒற்றைக் கையால் அள்ளி அள்ளிச் சலித்தாள். சாயங்காலத்துக்குள் பதினேழு கிடைத்தன.

பதினேழையும் மும்மூன்றாக வெட்டினாள். இடது கையால் பிடிக்க முடியாததால் தட்டை இடது முழங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். ஐந்து துண்டுகள் செத்தன. மிச்சத்துக்குத் தலை முளைத்து, வால் முளைத்து, தின்று வளரும்வரை காத்திருந்தாள். மூன்று வாரத்தில் அறுந்து பெருகின, திரும்பவும் பெருகின. நான்கு மாதத்தில் தொட்டி நிறைந்தது. மறுபடி இருநூற்றைம்பதை வெட்டினாள்.

இந்த முறை இருபத்தெட்டு நாளும் வாசலில் போலீஸ் நின்றது. எண்ணிப் பார்த்தபோது ஆலைக்கு மேலே எடுத்த மண்ணில் பத்து சராசரியாக இருபத்தாறு ஆகியிருந்தது. ஆலையை ஒட்டிய மண்ணில் ஐந்து பீக்கரிலும் சேர்த்து ஒரே ஒரு புழு, அதுவும் அசையவில்லை. வெளியூர் நிபுணர் மூன்று முறை சலித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கழிவை நிறுத்தி வண்டலை அள்ளிச் சுத்தம் செய்யும்வரை ஆலையை மூட உத்தரவானது. நூற்றியெண்பது பேருக்கு வேலை போயிற்று. தெருவில் இரண்டு பெண்கள் அவள் முகத்துக்கு நேராகக் காறித் துப்பினார்கள். அவள் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அடிதடி வழக்கு நடந்த அன்று நீதிமன்ற வராந்தாவில் சின்னவனை உட்கார வைத்திருந்தார்கள். வலது கண்ணில் கறுப்புத் துணி. பக்கத்தில் அம்மா. இவளைக் கண்டதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரெண்டாவது தடவ எதுக்குக்கா அடிச்ச?" என்று கேட்டான் சின்னவன்.

"நீ செத்தாலும் பரவாயில்லன்னு தோணுச்சு."

"கதவ ரெண்டாவது தடவ இழுத்தப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றான். பிறகு உள்ளே போய், தன்னை அனுப்பிய மேனேஜரின் பெயரைச் சொல்லிவிட்டான். யாரும் எதிர்பார்க்கவில்லை, அவனுடைய வக்கீலே தலையில் கை வைத்துக்கொண்டார். அவனுக்கு இரண்டு வருடம். அவளுடைய இரண்டாவது அடியைக் குற்றம் என்று தீர்ப்பு எழுதிய நீதிபதி, நன்னடத்தைப் பத்திரம் வாங்கிக்கொண்டு அவளை விட்டுவிட்டார்.

மாதத்தில் முதல் சனிக்கிழமை சிறையில் பார்வை நாள். அங்கே போகும் பஸ் ஒன்றே ஒன்றுதான். அம்மா முன்பக்கம் ஏறுவாள், இவள் பின்பக்கம். பேச்சு கிடையாது. முதல் மூன்று மாதம் அப்படித்தான் போனது. நான்காவது மாதம் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கியது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். இவள் தன் இடத்திலிருந்து எழுந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போய், இடது கையால் அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"பின்னாடி எடம் இருக்கு. வா."

அம்மா அவள் கையை வெடுக்கென்று தட்டிவிட்டாள். அடுத்த வளைவில் பஸ் சாய்ந்தபோது அந்தக் கையையே பிடித்துக்கொண்டாள். சரியாகச் சேராத விரல்களின் மேல் பிடி இறுகியது. உயிர் போகிற மாதிரி வலித்தது. இறங்கும் இடம் வரும்வரை அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.