முனீபின் காற்று

அந்த வீட்டில் கிரைண்டர் போடுவதற்கு நேரம் குறித்துக் கொடுத்தவன் முனீப். அவன் எழும்பும் முன் போடக்கூடாது. எழும்பி ஹெட்போனை மாட்டிவிட்டால் அதன் பிறகும் போடக்கூடாது. இடையில் அவன் பல் தீட்டுகிற நேரம் ஒன்று இருந்தது; அதற்குள் அவனுடைய மாமி ஜெமீலா தேங்காயையும் செத்தல் மிளகாயையும் அடித்து முடித்துவிட வேண்டும். வீடு யாருடையது என்று குறிஞ்சாக்கேணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜெமீலாவின் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் மகள் ரிஸ்லாவின் பேரில் கட்டிய வீடு அது. முனீப் அவளைக் கலியாணம் முடித்து அங்கே வந்து இருக்கிறவன். வந்து இருக்கிறவன் வீட்டுக்காரரை வாய்பொத்தி இருக்கச் சொல்வது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் முனீபுக்கு அதெல்லாம் உறைக்காது.

அவன் கம்பியூட்டர் கேம் செய்கிறவன். கம்பனி கிம்பனி ஒன்றும் கிடையாது. படம் கீறுவது, கோட் எழுதுவது, சத்தம் பிடிப்பது எல்லாம் தனி ஆளாக. வருஷக்கணக்காக ஒரே கேம். அதன் பெயர் ‘கரை’. திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே, மாரி மழையிருட்டில், ஒரு வள்ளக்காரன் வழிதவறி நிற்கிறான். வெளிச்சவீடு அணைந்து கிடக்கிறது. வரைபடம் இல்லை, அம்புக்குறி இல்லை, காற்றின் சத்தம் மட்டும்தான் உண்டு. அது எந்தப் பக்கம் கூடுதலாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் வள்ளத்தைத் திருப்பினால் கரை வரும். ஆக, அந்த விளையாட்டில் காற்றுச் சரியாக வராவிட்டால் மற்றதெல்லாம் குப்பை.

அதற்காக அவன் வீட்டை என்ன பாடு படுத்தினான் என்றால், யன்னல்களையெல்லாம் சாத்திவைத்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முன்கதவுக்கும் பகலெல்லாம் தாழ்ப்பாள். பக்கத்து வீட்டுப் பக்கீரை மோட்டார் சைக்கிளை ஒழுங்கை முனையில் நிறுத்தி உருட்டிக்கொண்டு வரச் சொன்னான். ஜெமீலா ஆசையாக வளர்த்த சேவல், அவன் பதிவுக்குள் கூவிய பாவத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கறியானது. அந்தக் கறியில் பெரிய துண்டு சாப்பிட்டதும் அவன்தான்.

ரிஸ்லாவுக்கு ஓர்ஸ் ஹில்லில் ஒரு அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ் ஏறிப் போய், பின்னேரம் களைத்து வந்து, சொந்த வீட்டுக்குள் கள்ளி மாதிரி அடிமேல் அடிவைத்து நடப்பாள். கூட வேலை செய்கிற நஸ்ரின் ஒருநாள் கேட்டே விட்டாள், “உனக்கு வாய் இல்லையாடி?” என்று. வாய் இருந்தது. பல தடவை திறக்கவும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு பின்னேரத்தின் நினைவு வந்து அவளை அடக்கியது.

போன வருஷம், வயிற்றில் ஏழாம் மாதத்திலேயே அவளுக்குப் பிறந்த பெண்குழந்தைக்கு மூச்சு இல்லை. அடக்கம் முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகு, ரிஸ்லா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். துவாயை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யாரும் கேட்கக்கூடாது என்றுதான் அடைத்தாள், ஆனால் யாராவது வந்தால் நல்லது என்றும் இருந்தது. யாரும் வரவில்லை. கதவின் கீழ் இடுக்கில் இரண்டு கால்களின் நிழல் மட்டும் தெரிந்தது, முனீபின் கால்கள். அவள் அழுது ஓயும்வரை அந்த நிழல் அசையவே இல்லை.

உள்ளே வராமல் ஏன் நின்றான் என்று முதலில் ஆத்திரம் வந்தது. பிறகு, உள்ளே வரத் தைரியம் இல்லாமல் அவனும் வாசலில் நின்று அழுதிருப்பான் என்று அவளே முடிவுகட்டிக்கொண்டாள். ஜெமீலாவும் அதையே சொல்லித் திரிந்தார். “மருமகன் வாசல்லயே நிண்டு அழுத மனிசன். அப்பிடி ஒரு ஆம்புள எங்க கிடைப்பான்?” என்று ஊரெல்லாம் மருமகன் புராணம். அந்த நிழலை நம்பித்தான் ரிஸ்லா சேவலையும் பொறுத்தாள், சாத்தின யன்னலையும் பொறுத்தாள். உம்மா ஏன் அன்றைக்கு வரவில்லை என்ற மனத்தாங்கல் மட்டும் உள்ளே கிடந்தது. அதை அவள் உம்மாவிடம் கேட்டதில்லை; பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

இந்தப் பௌர்ணமிப் போயா விடுமுறையில் முனீபுக்கு லைவ். அன்புவழிபுரத்து லதீசன் என்ற பொடியன் கேம்களைப் பற்றி யூடியூப்பில் பேசுகிறவன். அவன் முனீபைக் கேள்வி கேட்பதாக ஏற்பாடு. ‘கரை’ அடுத்த மாதம் வெளிவருகிறது. முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் அந்தக் காற்றைப் பற்றித்தான் எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முனீப் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தான். ஜெமீலா குசினியில் ஃபோனை மா போட்டுவைக்கும் தகரப் பேணியில் சாய்த்துவைத்து, சத்தத்தைக் குறைத்து, மருமகனைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். ரிஸ்லா கதிரையில் உட்கார்ந்து செத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளினாள்.

லதீசன் முதலில் வாழ்க்கைக் கேள்விகளாகக் கேட்டான். காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீங்கள்? தேத்தண்ணியா, கோப்பியா? மனம் சோர்ந்தால் என்ன செய்வீங்கள்?

“வீட்டில எப்பிடி அண்ணை, சப்போர்ட்டா?”

“ஓம், ஓம். எனக்குச் சத்தம் இல்லாத வீடு கிடைச்சிருக்கு” என்றான் முனீப். ஏதோ அப்படியே வானத்திலிருந்து இறங்கின வீடு மாதிரி.

“எல்லாம் தனியாவா செய்தனீங்கள்?”

“முழுக்க நான் தனி ஆள். சத்தம் எல்லாம் நான்தான்.”

“அந்தக் காத்து அண்ணை! எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. எங்க எடுத்தனீங்கள்?”

“கொட்டியாரக் குடாவில. விடியமுன்ன வள்ளத்தில போய், எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு எடுத்தனான்.”

ரிஸ்லாவின் கை நின்றது. முனீபுக்கு வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டிச் சத்தி வரும். கின்னியாப் பாலத்தில் பஸ்ஸில் போகும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவன். இவன் எந்த வள்ளத்தில் எந்தக் குடாவுக்குப் போனான்?

“ஆக்களுக்கு ஒருக்காப் போட்டுக் காட்டுவம்” என்றான் லதீசன்.

காற்று வந்தது. தாழ்ந்து, நீண்டு, இழுத்துக்கொண்டு போனது. இடையில் மூன்று தரம் விக்கி, பிறகு மறுபடி நீண்டது. அதன் அடியில், பாய்மரத்தில் கயிறு தட்டுகிற மாதிரி, டக், டக் என்று ஏதோ தட்டிக்கொண்டிருந்தது.

“ஸுப்ஹானல்லாஹ், நெஞ்சப் புடிக்குது” என்றார் ஜெமீலா.

ரிஸ்லா எழுந்து தன் அறைக்குப் போனாள். முனீப் வேலை செய்வது மற்ற அறையில். அவள் ஃபேனைப் போட்டாள். சுற்றுக்கு ஒரு தரம் அது டக் என்று தட்டியது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான் தட்டுகிறது. பார்த்துத் தருகிறேன், பார்த்துத் தருகிறேன் என்று முனீப் பார்க்காமலே விட்ட ஃபேன். அதன் கீழே நின்றபோது அவளுக்குத் துவாயின் ருசி வாய்க்குள் வந்தது. கயிறும் இல்லை, பாய்மரமும் இல்லை. அந்தக் காற்று அவளுடைய அழுகை.

அவள் குசினிக்குத் திரும்பி வந்து, வெறும் கிரைண்டரை மூடி, ஆகக் கூடின வேகத்தில் போட்டாள்.

“மகள்! லைவ்!” என்று பதறினார் ஜெமீலா. ரிஸ்லா கையை எடுக்கவில்லை. ஃபோனில் முனீபின் முகம் திரும்பியது, பல்லைக் கடித்தது, மறைந்தது. அடுத்த நிமிஷம் ஆளே குசினி வாசலில் நின்றான்.

“உனக்கென்ன விசரா? எத்தின பேர் பாத்துக்கொண்டிருக்காங்க தெரியுமா?”

அவள் கிரைண்டரை நிறுத்தினாள். “அது என்ட சத்தம்.”

“எது?”

“உங்கட காத்து.”

மானம் உள்ளவன் என்றால் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பான். முனீப் மாமியின் முகத்தைப் பார்த்தான், பிறகு குரலை மெதுவாக்கினான். “ரிஸ்லா, நான் அத எவ்வளவு மாத்தியிரிக்கன் எண்டு உனக்குத் தெரியாது. கீழ இறக்கி, நீட்டி, எதிரொலி போட்டு… இப்ப அது உன்ட சத்தமே இல்ல. ஒருத்தருக்கும் விளங்காது.”

“எனக்கு விளங்கிச்சே.”

“உனக்கு மட்டுந்தானே!”

“எடுங்க அத. இப்பவே எடுங்க.”

“ஏலாது. கேமே அதுதான். அத எடுத்தா வள்ளம் எந்தப் பக்கம் போறது?”

“அது நம்மட புள்ளைக்கு நான் அழுத அழுகை.”

“நானும் அதத்தான் சொல்றன். அது வீணாப் போகாம நான் அதில ஒண்டு செஞ்சிரிக்கன்.”

வீணாகப் போகாமல்! சோறு மிஞ்சினால் சொல்கிற கதையை அவன் வாய் கூசாமல் சொன்னான்.

“உங்கட கேம விளையாடுற எல்லாரும் அந்தச் சத்தம் கேக்கிற பக்கம்தானே வருவாங்க?” என்றாள் ரிஸ்லா. “நீங்க ஒரு ஆள்தான் வராம நிண்டது. வாசல்ல நிண்டு அழுதீங்க எண்டு நான் நம்பிக்கொண்டிருந்தன். ரெக்கோடரப் புடிச்சுக்கொண்டு நிண்டிரிக்கிறீங்க.”

“அழுதனான். அழுதுகொண்டுதான் புடிச்சனான்.”

“மகள், அவரும் அழுதவர்தான்” என்று ஜெமீலா குறுக்கே வந்தார். “நான் கண்டனான். முகத்த அப்பிடியே சுவருப் பக்கம் திருப்பிக்கொண்டு நிண்டவர்.”

அந்த ஒரு சாட்சி போதும் என்று முனீப் பிடித்துக்கொண்டான். “கேட்டியா? முழுப் பதிவும் என்னட்ட இரிக்கு. வா, வந்து கேள். என்ட அழுகையும் அதில இரிக்கும். அதுக்குப் பிறகு கதை.”

அதை அவன் உண்மையாகவே நம்பினான், அதுதான் வேடிக்கை. பதிவின் தொடக்கத்திலேயே தனக்கு வேண்டிய துண்டை வெட்டி எடுத்தவன், மிச்சத்தை ஒருநாளும் திறந்து கேட்டதில்லை. தான் அழுததாக அவனும் இவ்வளவு காலம் மாமி சொல்லித்தான் அறிந்திருந்தான் போலும்.

மூன்று பேரும் அவன் அறைக்குப் போனார்கள். அவன் திறந்து கிடந்த லைவை அணைத்துவிட்டு ஸ்பீக்கரைப் போட்டான். எதிரொலி இல்லாமல், நீட்டல் இல்லாமல், ரிஸ்லா அழுதாள். டக், டக் என்றது ஃபேன். அறையில் நின்ற ரிஸ்லா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஜெமீலா முக்காட்டால் வாயைப் பொத்தினார்.

பிறகு வளையல் சத்தம் ஒன்று தூரத்திலிருந்து கிட்ட வந்தது.

“மருமகன், புள்ள இப்பிடி அழுவுது. நான் உள்ள போறன்.” ஜெமீலாவின் குரல்.

முனீபின் குரல் குசுகுசுத்தது. ரெக்கோடருக்குப் பக்கத்தில் என்பதால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. “சத்தம் போடாதீங்க மாமி. கொஞ்சம் பொறுங்க. அவ அழுது முடிக்கட்டும்.”

“தனிய விடலாமா மருமகன்?”

“வேணாம் மாமி, இப்ப ஒருத்தரும் போகாதீங்க. வளையலப் புடிங்க.”

வளையல்கள் சட்டென்று அடங்கின, யாரோ மற்றக் கையால் பொத்தியது போல. வெறுங்கால்கள் மெதுவாகத் திரும்பிப் போயின. அதன் பிறகு நெடுநேரம் ரிஸ்லா தனியே அழுதாள். வேறு யாரும் அழவில்லை. கடைசியில் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம், அவன் ரெக்கோடரை நிறுத்திய சத்தம்.

முனீப் திரையைப் பார்த்தபடி இருந்தான்.

ஜெமீலா மகளைப் பார்த்தார். “நான் வந்தனான் மகள்” என்றார். “வாசல் வரைக்கும் வந்தனான். மனிசன் உனக்காகத்தான் சொல்றார் எண்டு திரும்பிப் போனனான்.”

“தெரியும் உம்மா. இப்ப கேட்டன்.” ரிஸ்லா உம்மாவின் கையைப் பிடித்தாள், வளையல்கள் இருந்த கையை. பிடித்த பிடியில் அவை குலுங்கின.

“மாமி, அது அவட நல்லதுக்கு…” என்று முனீப் தொடங்கினான்.

“சத்தம் போடாதீங்க மருமகன்” என்றார் ஜெமீலா.

ஒருநாளும் அவனைப் பார்த்து உரக்கப் பேசாதவர் அப்போதும் உரக்கப் பேசவில்லை. முன்னறைக்குப் போய்க் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். கச்சான் காற்று அடிக்கிற மாதம். கதவு சுவரில் மோதித் திறந்தது; மண்ணும் சருகும் ஒழுங்கையின் புழுதியும் முன்னறை முழுக்க வந்து விழுந்தன. யன்னல் சீலை எழும்பி அலுமாரியில் அடித்தது. அத்தனை வருஷம் வெளியே நிறுத்திவைத்த காற்று வீட்டுக்குள் இரைந்தது.

“காத்துத்தானே உங்களுக்கு வேணும்?” என்றார் ஜெமீலா. “வெளியில நல்லா அடிக்குது. போய்ப் புடிங்க.”

முனீப் ரிஸ்லாவைப் பார்த்தான். அவள் ஒரு வார்த்தை சொல்வாள், உம்மாவை அடக்குவாள் என்று எதிர்பார்த்தான். ரிஸ்லா அவனைத் தாண்டிக் குசினிக்குப் போனாள். ஜெமீலா கதவைப் பிடித்தபடியே நின்றார்.

குசினியில் கிரைண்டர் மறுபடி ஓடியது. இந்த முறை உள்ளே மிளகாய் இருந்தது.