நூற்றைந்து மைல் பொறுப்பு

குழு அனுப்பியிருந்த பயணத் தாளில் நாயின் எடை எழுபது பவுண்டு என்று போட்டிருந்தது. எழுபது பவுண்டு நாய்க்கே தெல்மா அர்ச்சுலெட்டா மூன்று நாள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. ராட்டோன் ஊர் எல்லையில், பெட்ரோல் நிலையத்து வாசலில், டெக்சாஸிலிருந்து வந்த பெண் தன் வேனின் பின்கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து இறங்கியது நாயா கன்றுக்குட்டியா என்று தெல்மாவுக்குப் புரியவில்லை. வெள்ளை வெளேரென்று, வாசல் மிதியடி அகலத்துக்குத் தலை. அவள் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனாள்.

"எழுபதுன்னுல்ல போட்டிருந்தாங்க?"

"நாலு காலையும் கழட்டி வெச்சிட்டு எடை போட்டிருப்பாங்க," என்று டெக்சாஸ்காரி சிரித்தாள். "நூத்தி இருவத்தஞ்சு. பேரு மோசஸ். வெள்ளம் வந்தப்ப வாய்க்கால் புதர்ல ஒதுங்கிக் கெடந்தான். பைபிள்ல ஆத்து நாணல்ல கெடந்த கொழந்தை மோசஸ் மாதிரி, அதான் அந்தப் பேரு."

பெரிய நாய் என்றால் வண்டியோட்ட யாரும் வரமாட்டார்கள் என்று, ஆதரவற்ற நாய்களைத் தத்தெடுத்தவர் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இந்தக் குழுக்களில் எடையைக் குறைத்துப் போடுவது வழக்கம். எல்லோருக்கும் இது தெரியும், எல்லோரும் ஒவ்வொரு தடவையும் ஏமாறுவார்கள்.

தெல்மா இருபத்திரண்டு வருடம் கிராமப்புறத்தில் தபால் கொடுத்தவள். பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பண்ணை வாசலில் இதே அளவு நாய் ஒன்று அவளுடைய இடது முன்கையைக் கவ்வி, விடாமல் உலுக்கியது. பதினோரு தையல். அதற்குப் பிறகு பூனையும் மடியில் அடங்குகிற குட்டி நாயும்தான் அவள் காரில் ஏறின. இந்த முறை வேறு வழியில்லாமல் போயிற்று. நாயைத் தத்தெடுத்த ஆல்மா என்கிற அம்மாள் மொன்டானாவில் தனியாக ஆடு வளர்க்கிறாள். இவ்வளவு பெரிய கூண்டை விமானத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். வேன்காரர்கள் கேட்ட ஆயிரத்து எண்ணூறு டாலருக்கு அவள் ஆட்டில் பாதியை விற்க வேண்டும். ஆகவே அமரில்லோவிலிருந்து ஆல்மாவின் வீடுவரைக்கும் பதினோரு பேர், ஆளுக்கு நூறு மைல், அவரவர் பெட்ரோலில், கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோவது என்று ஏற்பாடு. நடுவில் ஒருத்தர் இல்லையென்றால் சங்கிலி அறுந்துபோகும். ராட்டோனிலிருந்து ப்யூப்லோ வரைக்கும்தான் ஆள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையோடு மோசஸைத் தங்கவைத்திருந்த வீட்டில் கெடு முடிகிறது. அப்புறம் நிரம்பி வழியும் காப்பகம். அங்கே பெரிய நாய்க்குக் கொல்லும் ஊசி போடுமுன் எத்தனை நாள் தவணை கொடுப்பார்கள் என்பது தெல்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கைமாற்றுவதற்கு ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் தன் கயிற்றை முதலில் மாட்ட வேண்டும். மாட்டி, சுண்டி இழுத்துப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கொடுக்கிறவர் தன் கயிற்றைக் கழற்றலாம். தெல்மா ஒரு கயிற்றைக் கழுத்துப்பட்டையிலும் இன்னொன்றை மார்புப் பட்டையிலும் மாட்டினாள்.

"மார்புல இருக்கிறதுதான் உசுரு," என்றாள் டெக்சாஸ்காரி. "இந்த ஜாதிக்குத் தலையும் கழுத்தும் ஒரே சுத்தளவு. கழுத்துல போட்டிருக்கிறது சும்மா அழகுக்கு."

மலைக் கணவாயில் தெல்மா மாட்டுவண்டி வேகத்தில் போனாள். பின்னாலிருந்த லாரிக்காரன் திட்டிக்கொண்டே முந்திப் போனான். அவள் மெதுவாகப் போனது மலைப்பாதைக்குப் பயந்து அல்ல. பின்னிருக்கையை மடித்துப் போட்டிருந்ததால் மோசஸ் முன்னால் வந்து, தன் தலையைத் தூக்கி அவள் வலது தோளில் வைத்துவிட்டது. காதுக்குப் பக்கத்தில் பல். கழுத்தில் எச்சில் இறங்கியது. அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினாள்.

"அந்தப் பக்கமும் ஜன்னல் இருக்குடா," என்றாள் மெதுவாக. "அதையும் கொஞ்சம் பாரேன்."

அப்போது ஆல்மா போனில் கூப்பிட்டாள். "ஏறிட்டானா? ஒழுங்கா இருக்கானா?"

"என் தோள்மேலதாங்க இருக்கான்."

"போனை அவன் காதுல விழுற மாதிரி வைங்க." பிறகு அந்த அம்மாள் எந்த முன்னுரையும் இல்லாமல் படிக்க ஆரம்பித்தாள். "கேரட், குட்டை ரகம், அறுபத்தஞ்சு நாள்ல விளையும். மண் இளக்கமா இருக்கணும்." பின்னால் வால் தகரத்தில் அடிக்கிற சத்தம் கேட்டது. மூன்று வாரமாகத் தினம் சாயங்காலம் மோசஸ் தங்கியிருந்த வீட்டுக்குப் போன் போட்டு இப்படிப் படித்திருக்கிறாளாம். "நாய்கிட்ட என்னத்தப் பேசறது? எனக்குப் பேச வராது. வீட்ல இருந்தது விதைக் கம்பெனி அனுப்பின போன வருசப் புஸ்தகம்தான். என் குரல் பழகட்டும்னு படிச்சேன்."

வழியில் வால்சன்பர்க் ஊரில் மூத்திரம் போக இறக்கினபோதுதான் தெல்மா அதைப் பார்த்தாள். முன்னங்காலுக்கு அடியில் மார்புப் பட்டை உராய்ந்து, மயிர் போய், கால் டாலர் காசு அளவுக்குத் தோல் சிவந்து கசிந்துகொண்டிருந்தது. அமரில்லோவிலிருந்து இதோடுதான் வந்திருக்கிறது, ஒரு சத்தம் போடாமல். அவளுக்கு மனசு தாங்கவில்லை. பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு பெரிய நாயின் வயிற்றுக்கடியில் கையை விட்டாள். பட்டையை ஒரு துளை தளர்த்தினாள். ஒரே ஒரு துளை. மோசஸ் பெருமூச்சு விட்டது. அவளுக்கும் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி நிம்மதியாக இருந்தது.

ப்யூப்லோவுக்குத் தெற்கே லாரிகள் நிற்கும் இடத்தில், அடுத்த நூறு மைல் ஓட்ட வேண்டிய டுவேன் ஹாஸ்கெல் காத்திருந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லி, தொப்பி. நாயைப் பார்த்ததும் விசில் அடித்தார்.

"இவனை நான் ஏத்திக்கிட்டுப் போறதா, இவன் என்னை ஏத்திக்கிட்டுப் போறதா?"

கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு படம் எடுத்து ஆல்மாவுக்கு அனுப்புவார்கள். டுவேன் கயிற்றை மாட்டுவதற்கு முன்னால் படத்தை எடுத்துவிடலாம் என்று பையில் கையை விட்டார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து லாரி பிரேக்கின் காற்றை விட்டது. புஸ் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மோசஸ் முன்னங்காலை ஊன்றிப் பின்னால் போனது. மார்புப் பட்டை தலை வழியே வந்தது, கழுத்துப்பட்டையும் கூடவே வந்தது. தெல்மாவின் கையில் இரண்டு கயிறும் இரண்டு பட்டையும் இருந்தன. நாய் இல்லை.

வண்டிகளுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று பாய்ந்து, தெற்குப் பக்கத்துப் புதர்க்காட்டில் இறங்கி, இருநூறு அடி தள்ளி நின்றது. காட்டின் மேற்கு ஓரத்தில் மூன்று கம்பி வேலி. வேலிக்கு அப்பால் நெடுஞ்சாலை. எழுபத்தைந்து மைல் வேகத்தில் லாரிகள்.

டுவேன் ஓட ஆரம்பித்தார்.

"ஓடாதீங்க," என்றாள் தெல்மா. "உக்காருங்க. தொரத்தினா ரோட்டுக்குத்தான் போவான். பேரைக் கூப்பிடாதீங்க. அங்க ஒரு கம்பி அறுந்து தொங்குது பாருங்க, அந்தச் சந்தை மறைச்சு உக்காருங்க."

"அம்மா, அது எம்மேல பாஞ்சா நானும் சேந்துதான் ரோட்டுக்குப் போவேன்."

"போய் உக்காருங்க."

தத்துக்கொடுத்த நாய் தப்பினால் செய்ய வேண்டியதைக் குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். உட்கார், பார்க்காதே, கூப்பிடாதே. பயந்துபோன நாய்க்குத் தன் பெயர்கூடத் துரத்தும் சத்தம்தான். சொல்லும்போது சுலபமாக இருந்தது. இப்போது அந்தப் பெயர் அவள் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆல்மாவைக் கூப்பிட்டாள்.

"ஆல்மா, அவன் கையை விட்டுப் போயிட்டான்."

"ரோட்டுலயா?"

"இன்னும் இல்ல."

"இன்னும்," என்றாள் ஆல்மா. ஒரு நாற்காலி நகர்ந்தது. தாள் புரண்டது. "சத்தத்தை எவ்வளவு கூட்ட முடியுமோ கூட்டி வைங்க. நான் படிக்கிறேன். என்ன ஆச்சுன்னு நடுவுல கேக்க மாட்டேன். கேட்டா என் குரல் நடுங்கும், அவனுக்குத் தெரிஞ்சிடும். நீங்களும் எதுவும் சொல்லாதீங்க. முடிஞ்சப்புறம் சொல்லுங்க, எதுவா இருந்தாலும்."

காற்று மேற்கே மலையிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கிழக்கே நின்று போனை வைத்தால் குரல் நாய்க்குப் போகாது. கேட்க வேண்டுமானால் வேலியோரம் உட்கார வேண்டும். அதாவது எந்தச் சாலையை விட்டு அதை விலக்க வேண்டுமோ, அந்தச் சாலைக்கே அதை அழைக்க வேண்டும். தெல்மாவுக்கு வேறு யோசனை வரவில்லை. காரில் அவசரத்துக்கு வைத்திருந்த சுருக்குக் கயிற்றை மடியில் வைத்து, போனை முழங்காலில் நிறுத்தி, வேலிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் லாரி ஒவ்வொன்றும் போகும்போது தரை அதிர்ந்தது.

"பீன்ஸ், கொடி ரகம், அறுபத்தெட்டு நாள்," என்றாள் ஆல்மா. அடுப்படியில் உட்கார்ந்து படிப்பவள் போல, அவசரமே இல்லாமல். "தக்காளி, சிவப்பு, எழுபத்தஞ்சு நாள். காத்தடிக்கிற இடத்துல முட்டுக்கொடுக்கணும்."

மோசஸின் காது நிமிர்ந்தது. நாலடி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஆனால் அவளிடம் வரவில்லை. வளைந்து வேலியை நோக்கிப் போய், அறுந்த கம்பிக்கும் அவளுக்கும் நடுவே, கீழ்க்கம்பிக்கு அடியில் மூக்கை விட்டது. பிறகு ஒரு கால். டுவேன் அசையவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டார். தெல்மா உதட்டைக் கடித்ததில் ரத்தம் உப்புக் கரித்தது. பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் வாயெடுத்தாள். சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மோசஸ் காலை உருவிக்கொண்டு பின்வாங்கியது.

"வெங்காயம்," என்றாள் ஆல்மா, எதுவும் தெரியாமல். "நூத்தி நாலு நாள்."

அதற்கப்புறம் அது நேராக வந்தது. தரையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணின் முகத்துக்கு நேர் உயரத்தில் அந்தத் தலை. தெல்மா கண்களை மூடிக்கொண்டாள். மூச்சு முதலில் இடது கையில் பட்டது, பழைய தழும்பின் மேலேயே. அவள் உடம்பு முழுக்க எழுந்து ஓடு என்றது. அவள் ஓடவில்லை. நூற்றிருபத்தைந்து பவுண்டும் மெல்ல அவள் மடியில் சாய்ந்து, போனுக்குப் பக்கத்தில் தாடையை வைத்தது. சுருக்கைத் தலை வழியே இறக்கினாள். இழுத்தாள். நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தாள்.

பிடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வாய் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. ஆல்மா பூசணிக்கு வந்திருந்தாள். அதையும் முடித்தாள்.

"புஸ்தகம் முடிஞ்சிபோச்சு," என்றாள். இப்போதுதான் குரல் நடுங்கியது. "மறுபடி முதல்லேர்ந்து படிக்கிறேன். கேரட், குட்டை ரகம்…"

தெல்மா போனை மோசஸின் வாயருகே கொண்டுபோனாள். கேரட் நின்றது.

"அது அவன் மூச்சா, உங்க மூச்சா?"

"ரெண்டும்தாங்க," என்றாள் தெல்மா. பிறகு, கேட்காமலே, "பட்டையைத் தளர்த்தினது நான்தான். ஒரு துளை. அடியில புண்ணா இருந்துச்சு, பாக்கப் பொறுக்கல. வேற யார் மேலயும் தப்பில்ல."

"பெரிய புண்ணா?"

"கால் டாலர் காசு அளவு."

"இங்க வந்ததும் மருந்து போடறேன். இப்ப இறுக்கிடுங்க."

தெல்மா கைக்குட்டையை நாலாக மடித்துப் புண்ணின் மேல் வைத்தாள். பட்டையைப் பழையபடி மாட்டி, ஒரு துளை இறுக்கினாள். கொஞ்சம் யோசித்து இன்னொரு துளையும் இறுக்கினாள். மோசஸ் முனகிக்கொண்டே திரும்பி அவள் கையை நக்கியது. அவள் தளர்த்தவில்லை.

"இப்ப உங்க கயித்தை மாட்டுங்க," என்றாள் டுவேனிடம். "சுண்டி இழுங்க. இன்னும் ஒரு தடவை. படம் கார்க்கதவைச் சாத்தினப்புறம் எடுக்கலாம்."