பதினொரு மஞ்சள் அட்டைகள்

“இருபது நிமிஷம்னு போட்டிருக்கே. அது என்னடி கணக்கு? பதினஞ்சு போதாதா எனக்கு?”

“அது உன்னப் பத்தி இல்ல.”

“மேல எம் பேரு இருக்கு.”

இருந்தது. மஞ்சள் அட்டையின் தலைப்பில், என் கையெழுத்தில், ‘தும்மல்’ என்று. முதலாம் ஆண்டில் ஆய்வகத்துக்குள் கால் வைத்ததும் வரிசையாக ஏழு தும்மல் போட்டு, கையிலிருந்த சோதனைக் குழாயைக் கீழே விட்டவள் அவள். அதன் பிறகு வகுப்பில் யாரும் அவளை வேறு பெயரால் கூப்பிட்டதில்லை. இப்போது விடுதியில் என் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் தகரப் பெட்டி. அதற்குள் நானூற்றுச் சொச்சம் அட்டைகள்.

நாங்கள் மருந்தியல் படிக்கிறவர்கள், மூன்றாம் ஆண்டு. வெள்ளை அட்டைகளில், ஓர் அட்டைக்கு ஒரு மருந்து. முன்பக்கம் பெயர், பின்பக்கம் அளவு, இடைவெளி, பக்க விளைவு, எச்சரிக்கை. பேருந்து நிறுத்தத்தில், பல் தேய்க்கும்போது, பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டக் காத்திருக்கும்போதுகூட நாலு அட்டையைப் புரட்டிவிடுவேன். அப்படித்தான் ஐந்து பருவமாக வகுப்பில் முதலிடம். அப்படித்தான் ஒரு விருந்தையும் விடாமல் போகவும் முடிந்தது. “எப்படிடி முடியுது உனக்கு?” என்று கேட்காத ஆள் இல்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் ‘படிப்பும் நட்பும்’ என்ற தலைப்பில் பேச என்னைத்தான் மேடையேற்றினார்கள். தும்மல் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் முன்னால் கைதட்டினாள். எனக்கு ‘மந்திரி’ என்று பெயர் வைத்ததும் அவள்தான். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டுமாம்.

மஞ்சள் அட்டைகளைப் பற்றி மேடையில் நான் வாய் திறக்கவில்லை. ஆளுக்கு ஒன்று, மொத்தம் பதினொன்று. அவற்றை மேசை இழுப்பறையில் ஓர் உறைக்குள் வைத்திருப்பேன். போன சனிக்கிழமை ஒரு விருந்துக்குப் போகும் வழியில், யார் யாரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வதற்காகத் தகரப் பெட்டியின் பின்வரிசையில் செருகினேன். திரும்பி வந்து எடுக்க மறந்துவிட்டேன்.

நேற்று தும்மல் வந்து, “நாளன்னைக்குப் பரீட்சை. தலையும் புரியல, வாலும் புரியல. ஒரு மணி நேரம் எங்கூட உக்காருறியா?” என்று கேட்டாள்.

ஒரு மணி நேரம். என் நாளில் அது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். பிறகு பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

“இதையே எடுத்துட்டுப் போ. எனக்கு எல்லாம் மனப்பாடம்.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். ஒரு மணி நேரமும் மிச்சம், நல்லவள் என்ற பெயரும் மிச்சம் என்று நினைத்தபடி கதவைச் சாத்தினேன்.

இப்போது மாலை நாலு இருபது. மேசையில் ஒரு படிவம் கிடந்தது. அடுத்த வருடம் யாரோடு யார் தங்குவது என்பதற்கான படிவம். அவள் இரண்டாம் மாடி, நான் நான்காம் மாடி. கடைசி வருடமாவது ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பது முதலாம் ஆண்டிலிருந்தே பேச்சு. என் கையெழுத்து இருந்தது. அவளுடைய இடம் காலி. விடுதி அலுவலகம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடும். இன்றுதான் கடைசி நாள்.

தும்மல் அட்டையைத் திருப்பினாள். வாய்மொழித் தேர்வில் பதில் சொல்கிற குரலில் படித்தாள்.

“‘அளவு: இருபது நிமிடம், தனியாக. இடைவெளி: மூன்று வாரம். பக்க விளைவு: அழுவாள். எச்சரிக்கை: தேர்வுக்கு முந்தைய நாள் தவிர்க்கவும்.’” நிமிர்ந்து பார்த்தாள். “இன்னைக்கு என்ன நாள்டி, மந்திரி?”

அட்டையை வாங்கக் கை நீட்டினேன். அவள் பெட்டியிலிருந்து இன்னொரு மஞ்சள் அட்டையை உருவினாள்.

“உங்கம்மாவும் இருக்காங்க. ‘தினம் ஒரு வேளை, சாப்பாட்டுக்குப் பின். திடீரென்று நிறுத்தக் கூடாது.’” சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. சிரித்துச் சிரித்து அவள் இரண்டு தும்மல் போட்டாள். அவ்வளவுதான், தப்பித்தோம் என்று நினைத்தேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு பழையபடி தன் அட்டையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

“இது தப்புன்னு எனக்குத் தெரியும்,” என்றேன். “ஆனா எதுக்கு ஆரம்பிச்சேன்னு கேளு. மொத வருஷம் மூணாவது மாடி அக்கா இருந்தாங்கள்ல? படியில பாத்து, ‘தாத்தா இப்ப எப்படியிருக்கார்?’னு கேட்டேன். அவர் செத்து ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. எங்கிட்ட அழுதுகிட்டே சொல்லியிருக்காங்க. நான் மறந்துட்டேன். அவங்க என்னப் பாத்த பார்வை இருக்கே… அன்னைக்கு ராத்திரி உக்காந்துதான் எழுத ஆரம்பிச்சேன். மறக்கக் கூடாதுன்னுதான்டி எழுதினேன்.”

“சரி. அதுக்கு ‘பக்க விளைவு’ எதுக்கு?”

“கை பழகிடுச்சு. அந்த நாலு தலைப்பத் தவிர வேற மாதிரி எழுத வரல.”

அது உண்மைதான். சொல்லும்போது நொண்டிச் சாக்காகக் கேட்டது.

அவள் அட்டையின் அடிப்பகுதிக்கு விரலைக் கொண்டுபோனாள். “‘கேட்க வேண்டியவை: அப்பாவின் முழங்கால். தம்பியின் பள்ளி. புதுக் கண்ணாடி.’ போன தடவை மூணையும் கேட்டே. இதே வரிசையில கேட்டே.” குரல் இறங்கியிருந்தது. “எங்க வீட்ல போன் பண்ணும்போதெல்லாம் சொல்லுவேன், எங்கப்பா முழங்காலப் பத்தி மறக்காமக் கேக்குற ஒரே ஆளு இவதான்னு. அப்பாகூட ஒரு நாள், ‘அந்தப் பொண்ணுகிட்ட இப்போ படி ஏறுறேன்னு சொல்லும்மா’ன்னார்.”

என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது. நாலு முப்பத்தெட்டு. படிவத்துக்காகத்தான் பார்த்தேன் என்று சத்தியம் செய்யலாம். ஆனால் அதே நொடியில், நாளைத் தேர்வுக்கு இன்னொரு முறை புரட்ட மிச்சமிருக்கும் இதய மருந்துகள் முப்பத்தொன்று என்ற எண்ணும் தலைக்குள் வந்து நின்றது. இரண்டில் எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

அவள் பார்த்துவிட்டாள்.

“எத்தனை நிமிஷம் ஆச்சு?”

“ஐயோ, அதுக்கில்லடி. அஞ்சு மணிக்கு ஆபீஸ் பூட்டிடுவாங்க…”

“பெட்டியத் தந்துட்டே போறேன், பயப்படாதே.” மடியிலிருந்த பெட்டியை எடுத்து என் பக்கம் வைத்தாள். மூடியை ஒழுங்காக அழுத்தி மூடினாள். அந்த அக்கறைதான் என்னை என்னவோ செய்தது. மஞ்சள் அட்டையை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

“தும்மல், அதக் கிழிச்சுப் போட்டுடலாம். பதினொண்ணையும் கிழிச்சிடறேன்.”

“கிழிச்சா? அப்புறம் எங்கப்பா முழங்கால யாரு கேக்குறது?” கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. “இதுல ஒண்ணு இல்லடி. போன தடவை வந்தேன்ல, இருபது நிமிஷம் முடிஞ்சதும் நீ கடிகாரத்தப் பாத்தே, எந்திரிச்சேன். கதவுகிட்டப் போயி, திரும்பி நின்னு உங்கிட்ட ஒண்ணு சொன்னேன். நீ ‘ஐயோ, அப்படியா’ன்னே. ஞாபகம் இருக்கா?”

“இருக்கு,” என்றேன்.

இருந்தது. அன்று மழை. அவள் வெளியிலிருந்து நேராக என் அறைக்கு வந்திருந்தாள். அவள் குடையிலிருந்து வாசலில் தண்ணீர் சொட்டி, தரையில் ஒரு சிறிய தீவு போலத் தேங்கியிருந்தது. குடையின் நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மின்விளக்குக்குக் கீழே ஒரு பூச்சி சுற்றியது. என் கையில் அதற்குள் ஒரு வெள்ளை அட்டை வந்திருந்தது. அந்த மருந்தின் பெயர், அளவு, எட்டு மணி நேர இடைவெளி எல்லாவற்றையும் இப்போது கேட்டாலும் சொல்வேன். அவள் உதடுகள் அசைந்தன. நான் ‘ஐயோ, அப்படியா’ என்றேன். என் குரல்கூடக் காதில் இருக்கிறது. அவள் குரல் இல்லை.

“முன்பக்கமும் பாத்தேன், பின்பக்கமும் பாத்தேன். அதப் பத்தி ஒரு எழுத்து இல்ல,” என்றாள். “நீ எழுத மறந்துட்டியா, இல்ல எழுதணும்னே தோணலையான்னு தெரியல. ஒரு மாசம் உள்ளயே வெச்சிருந்து, வேற யார்கிட்டயும் சொல்லாம, உங்கிட்ட மட்டும் சொன்னது அது. இருபது நிமிஷமும் அதச் சொல்லத்தான் உக்காந்திருந்தேன். தைரியம் வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுச்சு.”

கீழே யாரோ படிகளில் ஓடி இறங்குகிற சத்தம். அவர்களும் படிவத்தோடு போகிறவர்களாக இருக்கும். நாலு நாற்பத்தெட்டு. இம்முறை நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள்தான் பார்த்துச் சொன்னாள்.

எழுந்து மேசைக்குப் போய்ப் படிவத்தை எடுத்துவந்தாள். மஞ்சள் அட்டையைக் கவிழ்த்துக் கட்டிலில் வைத்தாள். படிவத்தை முழங்காலில் விரித்து, பேனா மூடியைக் கழற்றி, தன் பெயருக்கு நேரான கோட்டில் முனையை வைத்தாள். எழுதவில்லை. புள்ளியாக ஒரு மைத்துளி மட்டும் பரவியது.

“எனக்குக் கோவமெல்லாம் இல்லடி. போடணும்னுதான் வந்திருக்கேன்.” கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவின் நுனியில் துடைத்தாள். கண்ணாடி இல்லாத அவள் முகம் எனக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

“அன்னைக்குக் கதவுகிட்ட நின்னு நான் என்ன சொன்னேன்னு, நீயா, ஒரு தடவை சொல்லேன்.”